வரிசையில் நின்ற நாய்

2013 மார்ச் 14
பதினேழாம் தெரு, வடக்கு மலைச்சரிவு, உலான்பாத்தர்

துப்பாக்கிக்காரருக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. வட்ட அலுவலகத்தில் கேட்டேன். "அதெல்லாம் சொல்லக்கூடாதும்மா, போய் வேலையப் பாருங்க" என்றார்கள். கடைசியில் தண்ணீர் லாரி ஓட்டும் சம்பூதான், "அந்த ஆளு மேற்குக் கோடியில இருக்காருக்கா, அவங்க தெருவுக்கும் நான்தான் தண்ணி ஊத்தறேன்" என்றான். ஆகவே இந்தக் கடிதம் அவன் சட்டைப் பையில் வருகிறது. போனில் பேசியிருக்கலாம். பேசினால் கத்துவேன். கத்தினால் நீங்கள் வைத்துவிடுவீர்கள், எனக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும்.

நான் சோயோல்மா. இந்தத் தெருவின் தண்ணீர்க் கொட்டகையில் வேலை. குழாயைத் திறப்பது, மூடுவது, கேனோடு வருகிறவர்களின் வாயைக் கிளறுவது, இந்த மூன்றையும் இருபது வருடமாகச் செய்கிறேன்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை எங்கள் தெருவுக்கு வந்தீர்கள். ஆறு நாய் போயிற்று. ஆனால் லாரியில் ஏறியது ஐந்துதான் என்று பக்கத்து வீட்டுத் தாம்தின் வேலி இடுக்கு வழியாக எண்ணிச் சொல்கிறார். ஆறாவது எங்கே?

ஆறாவதின் பெயர் பாசர். கறுப்பு. கண்ணுக்கு மேலே இரண்டு மஞ்சள் பொட்டு உள்ள நாலு கண் நாய். வலது காதுக்கு மேல் ரோமம் முளைக்காத ஒரு கோடு. வால் கிடையாது. இரண்டு நாளாக ஓடைப் பள்ளம் முழுக்கத் தேடிவிட்டேன். அடிபட்டு எங்காவது கிடக்கிறானா? செத்துவிட்டான் என்றால் உடம்பு எங்கே? நீங்கள்தான் சுட்டீர்களா, கூட வந்தவரா? ஏன் ஒன்றை மட்டும் லாரியில் ஏற்றவில்லை?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று என் நாத்தனார் வந்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கூப்பிடுவது போல வேலிக்கு வெளியே நின்று "நாயைப் பிடிங்க!" என்று குரல் கொடுத்தாள். பிறகு அவளுக்கே உறைத்து அப்படியே நின்றுவிட்டாள். நான் போய்க் கதவைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பதில் எழுதுங்கள்.

சோயோல்மா


மார்ச் 19

தண்ணீர்க் கொட்டகை அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் அலுவலகம் சொல்கிற தெருவுக்குப் போகிறவன். எந்த நாய் யாருடையது என்று எனக்குத் தெரியாது. கழுத்தில் கயிறு இல்லாத நாய் தெருநாய் என்பது உத்தரவு.

நீங்கள் சொல்கிற நாயைப் பற்றி எனக்கு நினைவில்லை. தேடி அலைய வேண்டாம். குளிர் இன்னும் குறையவில்லை.

நியம்தோர்ஜ்


மார்ச் 22

நியம்தோர்ஜுக்கு,

"நினைவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் "தேடி அலைய வேண்டாம்" என்கிறீர்கள். நினைவில்லாதவருக்கு அவன் பள்ளத்தில் இல்லை என்று எப்படித் தெரியும்? இருபது வருடம் வரிசையில் நிற்பவர்களின் கதையைக் கேட்டவள் நான். "சும்மா மேல வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொல்கிறவன் எங்கே போகிறான் என்று எனக்குத் தெரியும்.

சரி, நினைவு வருவதற்காக அவன் கதையைச் சொல்கிறேன்.

நாலு வருடத்துக்கு முன், இதே போல ஒரு மார்ச் காலை. கொட்டகைக் கதவைத் திறக்கிறேன், வாசலில் ஒரு நாய். வால் அடியோடு வெட்டப்பட்டு ரத்தம் உறைந்திருக்கிறது. காதுக்கு மேல் கிழிந்திருக்கிறது. ஆனால் வாயில் ஒரு துண்டு ஆட்டு வால் கொழுப்பு! அதை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அப்படியே கவ்விக்கொண்டு என்னைப் பார்த்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஒரே முடிவுக்கு வந்தோம்: எங்கோ கொழுப்பைத் திருடியிருக்கிறது, வீட்டுக்காரன் கோடாலியை வீசியிருக்கிறான். தெருவில் கொழுப்பு விற்பவர் தாம்தின் ஒருவர்தான். பிடித்துக்கொண்டோம் அவரை. "நான் இல்லைங்க, என் பிள்ளைங்க மேல சத்தியமா நான் இல்ல" என்று தலையில் அடித்துக்கொண்டார். யார் நம்பினோம்? நாலு வருடமாக "வால்வெட்டித் தாம்தின்" என்றுதான் அவருக்குப் பெயர்.

கொட்டகையில் அடுப்பு உண்டு. பதினைந்து நாள் அங்கே படுத்து எழுந்தான். அதன் பிறகு ஒரு பழக்கம் வந்தது அவனுக்கு. காலையில் ஜனங்கள் வண்டியில் கேனை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பார்கள் அல்லவா, கடைசி ஆளுக்குப் பின்னால் போய் உட்காருவான். வரிசை நகர்ந்தால் எழுந்து நகர்ந்து உட்காருவான். அவன் முறை வந்ததும் நான் சட்டியில் தண்ணீர் பிடித்து வைப்பேன். குடித்துவிட்டுப் போவான். எங்கள் தெருவில் மனிதர்களே வரிசையில் நிற்க மாட்டார்கள். "அக்கா, அடுப்புல பால் பொங்குது, நான் முன்னாடி புடிச்சுக்கறேன்" என்று நுழைகிறவர்கள்தான். இவனோ முதலில் வந்தாலும் பின்னால் போய் உட்கார்ந்தான். ஏன் என்று நாலு வருடம் யோசித்தேன். விடை கிடைக்கவில்லை.

அவனைக் காணோம் என்று அழுதுகொண்டிருக்கிறேன். ஆனால் எனக்கு அழுகையைவிடக் கேள்வி அதிகம். சொல்லுங்கள், எங்கே அவன்?

சோயோல்மா


மார்ச் 30

அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை எட்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கொழுப்பு என்று எழுதியிருந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நான் மேய்ப்பன். பனி அடித்து ஆடு குதிரை எல்லாம் ஒரே குளிர்காலத்தில் செத்து, நகரத்துக்கு வந்தேன். துப்பாக்கி பிடிக்கத் தெரியும் என்று இந்த வேலை கொடுத்தார்கள். நாயைச் சுடுகிற வேலை என்று என் அப்பா உயிரோடிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

சுட்ட நாயை நான் வெறுமனே விடுவதில்லை. வீட்டு நாய் செத்தால் என்ன செய்வோமோ அதைச் செய்வேன். வாயில் கொழுப்பு வைப்பேன். வழிக்குச் சாப்பாடு. வாலை வெட்டித் தலைக்கு அடியில் வைப்பேன். வாலை விட்டால்தானே அடுத்த பிறவியில் மனிதனாக வர முடியும். காதில் "மனுஷனா வா" என்று சொல்வேன். கூட வருகிறவன் சிரிப்பான். "மனுஷனாகி உன்னையத் தேடி வரப்போவுது பாரு" என்பான்.

நாலு வருடத்துக்கு முன் உங்கள் பக்கத்து ஓடைக்கு மேலே ஒரு கறுப்பு நாயைச் சுட்டேன். நாலு கண். விழுந்தது. கொழுப்பு வைத்தேன், வாலை வெட்டினேன், காதில் சொன்னேன். தலையைத் தூக்கி வைக்க ஒரு தட்டைக் கல் எடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் நாய் இல்லை. பனியில் ரத்தத் துளி மட்டும் உங்கள் தெருப் பக்கம் இறங்கிப் போயிருந்தது. குண்டு மண்டையை உரசிவிட்டுப் போயிருக்கிறது. மயங்கிக் கிடந்ததைச் செத்ததென்று நினைத்துவிட்டேன். தேடிப் பார்த்தேன். பயமாக இருந்ததால் அதிக தூரம் தேடவில்லை.

இந்த மார்ச் 12 அன்று வெளிச்சம் சரியாக வராத நேரம். வேலி ஓரம் ஒரு கறுப்பு நாய் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்தும் ஓடவில்லை. சுட்டேன். பக்கத்தில் போய்க் கத்தியை எடுத்து வாலைத் தேடினேன். வால் இல்லை.

அதன் பிறகு அதை லாரியில் ஏற்ற என்னால் முடியவில்லை. தோளில் போட்டுக்கொண்டு மலைமேல், ஆள் காலடி படாத இடத்துக்குக் கொண்டுபோனேன். மண் உறைந்து கிடந்தது, தோண்ட முடியவில்லை. கல் அடுக்கி மூடினேன். உங்கள் பாசர் அங்கே இருக்கிறான்.

உங்கள் கேள்விகளில் இதற்குத்தான் என்னிடம் பதில் இருக்கிறது. நான்தான். இரண்டு தடவையும் நான்தான்.

நியம்தோர்ஜ்


ஏப்ரல் 11

அம்மாவுக்கு,

நீங்கள் பதில் எழுதவில்லை. எழுத வேண்டாம். இது வேறு விஷயம்.

26ஆம் தேதி காலை மறுபடியும் உங்கள் தெரு. மிச்சமுள்ள பதினொன்றையும் முடிக்கச் சொல்லி உத்தரவு. போன மாதம் ஒரு குழந்தையை நாய் கடித்ததாக மேல் தெருவில் மனு கொடுத்திருக்கிறார்கள்.

ஆறு வருடமாக நான் பார்த்ததைச் சொல்கிறேன். அலுவலகத்தில் சொன்னேன், கேட்கவில்லை. வசந்தத்தில் ஒரு தெருவைச் சுத்தமாகக் காலி செய்வோம். இலையுதிர் காலத்தில் போனால் அதே எண்ணிக்கை இருக்கும். குப்பைமேட்டிலிருந்து புது நாய்கள் இறங்கி வந்து காலி இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அவை தெருவை அறியாதவை, ஆளை அறியாதவை. கடிப்பவை அவைதான். உங்கள் பழைய நாய்கள் யாரையும் கடித்ததில்லை. அவை இருக்கும் வரை புதியவற்றை உள்ளே விட்டதும் இல்லை.

உங்கள் பதினொன்றும் எங்கே படுக்கும் என்று எனக்குத் தெரியும். மஞ்சள் பெட்டை, தாம்தின் வீட்டு நிலக்கரிக் கொட்டடிக்குப் பின்னால். வெள்ளைக்கால் நாய்கள் இரண்டும், உடைந்த பஸ்ஸுக்கு அடியில். இதையெல்லாம் சுடுவதற்காகத் தெரிந்து வைத்திருக்கிறேன். வேறு எதற்காவது உதவுமா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

நியம்தோர்ஜ்


ஏப்ரல் 13

நியம்தோர்ஜ்,

இனி உன்னை "நீங்கள்" என்று எழுதப்போவதில்லை. என்னைவிட ஏழு வயது சின்னவன் என்று சம்பூ சொன்னான். இது மரியாதைக் குறைவா உறவா என்று நீயே முடிவு செய்துகொள். எனக்கே இன்னும் தெரியவில்லை.

உன்னை நான் மன்னிக்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தைப் படித்த அன்று கொட்டகையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே கதவைத் தட்டினார்கள், "அக்கா, செத்துகித்துப் போயிட்டியா?" என்று கேட்டார்கள், திறக்கவில்லை. உன்னைக் கண்டால் சட்டியால் அடிக்க வேண்டும் என்றிருந்தது. அவன் ஓடவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில்தான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அவன் ஏன் ஓடுவான்? காலையில் வருகிற ஆள் தண்ணீருக்கு வருகிற ஆள் என்றுதானே நினைத்திருப்பான். தனக்கு முன்னால் உன்னை விட்டிருப்பான்.

மறுநாள் எழுந்தேன். தாம்தின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர், "நாலு வருஷம்! நாலு வருஷம் என் பொண்டாட்டியே என்னைய நம்பல!" என்று குதித்தார். பிறகு உட்கார்ந்து, "அப்போ அந்த நாயி செத்து மனுஷனாயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் நம்ம வரிசையில வந்து நின்னிருக்கு" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. நாலு வருடக் கேள்விக்கு விடை இப்படிக் கிடைக்கும் என்று யார் கண்டார்கள்!

இப்போது வேலைப் பேச்சு. ஹொங்கொர் என்று ஒரு கால்நடை டாக்டர் பெண் இருக்கிறாள். நாயைச் சுட வேண்டாம், குட்டி போடாதபடி ஆபரேஷன் செய்து, வெறிநாய் ஊசி போட்டு, காது நுனியைக் கொஞ்சம் வெட்டி அடையாளம் வைத்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்கிறாள். பழைய நாய் இடத்தைக் காக்கும், புதியது வராது, எண்ணிக்கை தானாகக் குறையும் என்கிறாள். நீ ஆறு வருடம் துப்பாக்கி பிடித்துக் கண்டுபிடித்ததும் அவள் படித்துத் தெரிந்துகொண்டதும் ஒன்றாக இருக்கிறதே, அது எப்படி?

வட்ட அலுவலகத் தலைவியிடம் போனேன். "உயிரோட பதினொண்ணையும் பிடிச்சுக் காட்டுங்க, காதைப் பார்த்துட்டு உத்தரவ நிறுத்தறேன். தெருநாய உயிரோட யாரு பிடிப்பா?" என்று சிரித்தாள்.

யார் பிடிப்பார்கள் என்று எனக்கு ஒருவனைத் தெரியும். குதிரைக்குச் சுருக்குக் கம்பு வீசத் தெரிந்தவன். எந்த நாய் எங்கே படுக்கும் என்று அறிந்தவன்.

வருகிறாயா?

சோயோல்மா


ஏப்ரல் 15

அக்காவுக்கு,

உறவு என்று முடிவு செய்துகொண்டேன்.

தோள் வலி என்று அலுவலகத்தில் சொல்லித் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டேன். "ஆம்பளைக்கு நாய் சுடத் தோள் வலிக்குமாய்யா?" என்றார்கள். வலிக்கிறது என்றேன். ஆனால் 26ஆம் தேதிக்கு வேறு ஆள் வருவான். அதற்குள் முடிய வேண்டும்.

ஒரு சிக்கல். நாய்களுக்கு என் வாடை தெரியும். என்னைக் கண்டதும் சிதறும். ஆகவே நாலு நாள் கம்பு இல்லாமல் வந்து உங்கள் கொட்டகை வாசலில் சும்மா உட்காருகிறேன். நீங்கள் எனக்குத் தண்ணீர் கொடுப்பதை அவை பார்க்க வேண்டும். டாக்டர் எங்கே ஆபரேஷன் செய்வார்? வெந்நீர், அடுப்பு, விளக்கு மூன்றும் வேண்டும்.

சட்டியால் அடிப்பதென்றால் முதல் நாளே அடித்துவிடுங்கள். நாய்கள் பழகிய பிறகு அடித்தால் மறுபடி ஓடிவிடும்.

நியம்தோர்ஜ்


மே 6

தம்பி நியம்தோர்ஜுக்கு,

26ஆம் தேதி காலை நீ வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாய். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

ஆள் வந்தான். அலுவலகத் தலைவியும் கூட வந்தாள். பதினொன்றும் கொட்டகைச் சுவரோரம் வெயிலில் கிடந்தன. ஒவ்வொன்றின் காதும் நுனி இல்லாமல். தலைவி குனிந்து எண்ணினாள், மறுபடி எண்ணினாள். "கிழட்டு நாயைக்கூட விடலியா?" என்றாள். "அதுக்கு ஆசை இருந்துச்சுங்க" என்றார் தாம்தின். அந்த ஆள் துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு, என்னிடம் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். ஜெயித்துவிட்டோம், தம்பி. அக்கம்பக்கத்தில் இன்னும் மூன்று தெருக்காரர்கள் வந்து, "உங்க சுருக்குக்கம்பு ஆளு எங்க தெருவுக்கும் வருவாரா?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

ஆபரேஷன் நடந்த அந்த இரண்டு நாள் குழாயைப் பூட்டிக் கொட்டகையை ஆஸ்பத்திரியாக்கியதற்கு இன்னும் திட்டு வாங்குகிறேன். மேல் தெருக் குழாய்வரை வண்டி தள்ளிய கால் வலியை ஒவ்வொருவரும் என்னிடம்தான் காட்டுகிறார்கள்.

உன்னிடம் சொல்லாத ஒன்று. மஞ்சள் பெட்டையை நீ தூக்கி வந்து மேசையில் வைத்துவிட்டு அடுத்ததைப் பிடிக்கப் போனாய். அவள் வயிற்றில் குட்டிகள் இருந்தன. ஹொங்கொர் என்னைப் பார்த்து, "செய்யலாமா, வேண்டாமா? தெரு உங்களோடது, நீங்க சொல்லுங்க" என்றாள். செய்யாவிட்டால் இலையுதிர் காலத்தில் ஏழெட்டு நாய் கூடும், மறுபடி உத்தரவு வரும். எல்லாம் தெரிந்ததுதான். தலையை ஆட்டினேன். எத்தனை குட்டி என்று கேட்கவில்லை. நான் கேள்வி கேட்காமல் இருந்த ஒரே நாள் அது. இன்னும் உறுத்துகிறது. உனக்கும் உன் ஆறு வருடம் இப்படித்தான் உறுத்துகிறதா?

சோயோல்மா


மே 8

அக்காவுக்கு,

ஆமாம். இப்படித்தான்.

மூன்று தெருக்காரர்களிடமும் வருவேன் என்று சொல்லுங்கள்.

நானும் சொல்லாத ஒன்று இருக்கிறது. பாசரின் வால் என்னிடம் இருக்கிறது. நாலு வருடத்துக்கு முன் அன்று என் கையில் வால் இருந்தது, வைக்கத் தலை இல்லை. தூக்கி எறிய மனம் வரவில்லை. துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். "செத்த நாய் வாலை வீட்டுல வச்சுக் காக்கிற ஒரே மனுஷன் நீதான்" என்று என் மனைவி சொல்லாத நாள் இல்லை. மார்ச்சில் கல் அடுக்கியபோது அது வீட்டில் இருந்தது. பிறகு நானே போய் வைத்திருக்கலாம். ஆனால் இரண்டு தடவை சுட்டவன் கையால் வைக்கக் கூடாது, தண்ணீர் கொடுத்தவர் கையால்தான் வைக்க வேண்டும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வருவீர்களா? கல்லை நான் தூக்குகிறேன்.

நியம்தோர்ஜ்


மே 14

அக்காவுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். பெட்டி காலியாக இருப்பதை என் மனைவி பார்த்தாள். டீயில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி வெண்ணெய் அதிகமாகப் போட்டுக் கொடுத்தாள்.

நான் யாரையும் கேள்வி கேட்கிறவன் இல்லை. இது ஒன்று மட்டும். வாலைத் தலைக்கு அடியில் வைத்துவிட்டு, என்னை அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டு, குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னீர்கள். வெகு நேரம் சொன்னீர்கள். "மனுஷனா வா" என்பதற்கு அவ்வளவு நேரம் ஆகாது.

என்ன சொன்னீர்கள்?

நியம்தோர்ஜ்


மே 16

தம்பிக்கு,

கடைசியில் உனக்கும் ஒட்டிக்கொண்டதா இந்த வியாதி!

மலை ஏறும்போது நான் வேறொன்று சொல்ல நினைத்திருந்தேன். "மனுஷனாவெல்லாம் வராதடா. இங்க மனுஷனா இருக்கறதுல பெரிய சுகம் ஒண்ணும் இல்ல. நாயாவே வா, நம்ம தெருவுக்கே வா, இப்போ உன்னச் சுட ஆள் இல்ல" என்று சொல்லலாமென்று இருந்தேன். வாலைக் கையில் வாங்கிய பிறகுதான் நினைவு வந்தது. எப்படி வருவான்? எங்கள் தெருவில் அவனைச் சுமக்க இனி ஒரு வயிறு இல்லை. கடைசியாக இருந்ததற்கும் நான்தான் தலையை ஆட்டினேன். அதைத்தான் முதலில் அவனிடம் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். நேரம் அதில்தான் போயிற்று.

பிறகு சொன்னேன்: "நாய் வழிய நானே அடைச்சுட்டேன்டா பாசர். மனுஷனாவே வா. கேன் எடுத்துக்கிட்டு வா. கடைசியில வந்து நில்லு, போதும். நான் உன்னக் கண்டுபிடிச்சுக்கறேன்."

உன்னை மன்னித்தேனா என்று நீ கேட்கவில்லை. நானும் அதை யோசிக்காமல் விட்டிருக்கிறேன். அடுத்த வாரம் மேல் தெரு நாய்களுக்காக வரும்போது வேலிக்கு வெளியே நின்று சத்தமாக "நாயைப் பிடிங்க!" என்று கூப்பிடு. பிடிக்க இப்போது நாய் இருக்கிறது.

நேற்று வடக்குக் கோடியில் புதிதாகக் குடிவந்தவர்களின் பெண் குழந்தை, அம்மாவோடு தண்ணீருக்கு வந்தது. நாலு வயதுகூட இருக்காது. அம்மா முன்னால் நுழையப் பார்த்தாள். குழந்தை அவள் அங்கியைப் பிடித்து இழுத்து, "பின்னாடி வாம்மா" என்றது. பாசர் போய் இரண்டு மாதம்தான் ஆகிறது, கணக்கு ஒத்துவராது, எனக்குத் தெரியும். இருந்தாலும் அதன் முறை வந்தபோது, கேனுக்கு முன்னால், பழைய சட்டியைக் கழுவி ஒரு வாய்த் தண்ணீர் பிடித்து நீட்டினேன். வாங்கிக் குடித்தது.

சோயோல்மா